கஜன் டிப்

சுவிஸில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பெரோ நடக்கும். அப்பெரோவை விருந்து என்று சொல்ல முடியாது. விருந்துக்கு உட்காரக் கதிரை வேண்டும். இதில் ஒரு கையில் வைன் கிளாசையும் மறு கையில் பேப்பர் துண்டையும் பிடித்தபடி நின்று, எதிரில் நிற்பவர் போன விடுமுறைக்கு எங்கே போனார் என்று கேட்க வேண்டும். அவர் பதில் சொல்லும்போது எதையாவது எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். இல்லத்தில் இருக்கும் வயதானவர்கள், அவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகள், மருமக்கள், வேலை செய்யும் நாங்கள் எல்லோரும் தோட்டத்துப் பக்கம் கூடுவோம். வாயில் போடுகிற சாமானை வேலை செய்பவர்கள் ஆளுக்கொன்றாகக் கொண்டுவர வேண்டும்.

மே மாதமே எங்கள் ஓய்வறைக் கதவில் ஒரு தாள் ஒட்டப்படும். இடது பக்கம் எங்கள் பெயர்கள். வலது பக்கம் அவரவர் கொண்டுவரப்போவதை எழுத வெற்றிடம். எல்லோருக்கும் வெற்றிடம், என் பெயருக்கு எதிரில் மட்டும் "ரோல்ஸ்" என்று முன்கூட்டியே அச்சடித்திருக்கும். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. முதல் வருடம் நானே ஆசைப்பட்டுக் கொண்டுபோனேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு நாற்பது ரோல்ஸ். "இதை நீங்களே செய்தனீங்களோ?" என்று எங்கள் பொறுப்பாளரான பெண்மணி கண்ணை விரித்துக் கேட்டபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்த மிதப்பிலேயே பன்னிரண்டு வருடம் ஓடி, நாற்பது நூற்றைம்பது ஆகிவிட்டது.

நூற்றைம்பது ரோல்ஸ் என்றால் என்ன என்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும். புதன்கிழமை உருளைக்கிழங்கு அவித்து மீனோடு பிரட்டி வைக்க வேண்டும். வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து மா கரைத்து நூற்றைம்பது தோசை மெல்லிசாக வார்க்க வேண்டும். சுருட்டி, முட்டையில் தோய்த்து, றஸ்க் தூளில் புரட்டி, வெள்ளிக்கிழமை காலையில் பொரிக்க வேண்டும். பெர்ன் நகரத்துப் பூம்ப்ளிஸில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. பால்கனிக் கதவைத் திறந்து வைத்துப் பொரித்தால் மேல் வீட்டுக்காரர் வீட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவார். மூடி வைத்துப் பொரித்தால் என் வேலை உடுப்பு ஒரு கிழமைக்கு மீன் மணக்கும். எங்கள் பிரிவில் ஒரு பெண் ஒவ்வொரு வருடமும் சுப்பர்மார்க்கெட்டில் வாங்கிய இரண்டு டப்பா டிப்பை, பாணில் தொட்டுச் சாப்பிடுகிற சாமானை, கொண்டுவந்து மூடியைக் கழற்றி மேசையில் வைப்பாள். கடைசியில் பொறுப்பாளர் கைதட்டி நன்றி சொல்லும்போது அவளுக்கும் எனக்கும் ஒரே அளவு நன்றிதான் கிடைக்கும்.

இரண்டு வருடத்துக்கு முந்திய பனிக்காலத்தில் என் வலது மணிக்கட்டு நோகத் தொடங்கியது. ஆட்களைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்கிற வேலை. நரம்பு நெரிகிறது, கையைச் சுழற்றும் வேலையைக் குறையுங்கள் என்றார் டொக்டர். வேலையில் அதைக் குறைக்க முடியாது. ரோல்ஸில் குறைக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

ஜெனீவாவில் வேலை செய்யும் மகளுக்குப் போன் எடுத்தேன். "சுருட்டாமல், பொரிக்காமல், சனம் நல்லாயிருக்கெண்டு சொல்லுற மாதிரி ஒரு சாமான் சொல்லு பிள்ளை" என்றேன். அவள் அரை மணித்தியாலத்தில் ஏழெட்டு வீடியோக்களை அனுப்பினாள். எல்லாவற்றிலும் தொப்பி போட்ட, வயிறு பெருத்த ஒரே மனிதர். அமெரிக்காவில் லூசியானா என்ற இடத்துக்காரர். அவர் சமைப்பது கேஜன் சமையல். மகள் விளக்கம் சொன்னாள். கேஜன்காரர்கள் முன்னொரு காலத்தில் கனடாவில் இருந்து துரத்தப்பட்டுப் போய் அங்கே குடியேறியவர்களாம். கனடாவுக்கு அகதியாகப் போனவர்கள் எங்கள் குடும்பத்திலேயே ஒரு பஸ் நிறைய இருக்கிறார்கள். கனடாவில் இருந்து அகதியாகப் போனவர்களும் உலகத்தில் உண்டு என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்களுடைய சமையலில் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

முதல் வீடியோவில் சோற்றையும் பன்றி இறைச்சியையும் பிசைந்து உருண்டையாக்கிப் பொரித்தார். அது எங்கள் கட்லட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். உருட்ட வேண்டும், பொரிக்க வேண்டும். தள்ளிவிட்டேன். இரண்டாவதில் நண்டு. இந்த ஊரில் நண்டுக்கு எங்கே போவது? மூன்றாவது இறால் டிப். வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் சின்னதாக வெட்டி வதக்க வேண்டும். அந்த மூன்றையும் சேர்த்து அந்த மனிதர் "பரிசுத்த திரித்துவம்" என்றார். நான் மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். தந்தை, மகன், தூய ஆவிக்குப் பக்கத்தில் செலரியைக் கொண்டுபோய் வைக்க எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் சமையல் இலேசு. இறாலைப் போட்டு, கேஜன் தூள் என்ற மசாலாவைத் தூவி, கிறீம் சீஸ் கலந்து, மேலே துருவிய சீஸ் போட்டு ஓவனில் வைத்தால் இருபத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. பாணை வெட்டிப் பக்கத்தில் வைத்தால் சரி. கையைச் சுழற்றுகிற வேலை எங்குமே இல்லை.

ஓய்வறைக் கதவுத் தாளில் "ரோல்ஸ்" என்பதை வெட்டிவிட்டுப் பக்கத்தில் புதிய பெயரை எழுதினேன். இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். கேஜன் என்பதை ஐரோப்பிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது. வீடியோவில் கேட்டதோடு சரி. இந்த ஊர்த் தமிழ்ப் பிள்ளைகளில் தெருவுக்கு ஒரு கஜன் இருப்பான். அந்தப் பிள்ளைகள் தங்கள் பெயரைக் கொப்பியில் எப்படி எழுதுவார்களோ அப்படியே, K எழுத்துப் போட்டு எழுதி வைத்தேன். கஜன் டிப்.

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு சின்னத் தட்டில் செய்து பார்த்தேன். என் கணவர் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறார். அப்பெரோவுக்கு வேண்டிய சாமான்களை ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பியவர். ஒரு அப்பெரோவிலும் நின்றதில்லை. பாணில் தொட்டு வாயில் வைத்து, கண்ணை மூடி, ஹோட்டலில் சொஸ் ருசி பார்ப்பது போலப் பார்த்தார்.

"பிழையில்லை. கொஞ்சம் எங்கட தூள் போட்டா எழும்பும்."

"போட ஏலாது. இது அமெரிக்கச் சாமான்."

"ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

அதில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருடம் என் ஊரைச் சுமந்துகொண்டு போனேன், இந்த வருடம் மற்றவர்களைப் போல வேறு யாருடையதையாவது கொண்டுபோகிறேன் என்று மனதில் ஒரு விறைப்பு. எங்கள் கறித்தூள் போத்தலைத் தொடவில்லை. கறிவேப்பிலை ஒன்றும் கிள்ளவில்லை. அந்த வயிறு பெருத்த மனிதர் சொன்னதைச் சொன்னபடி செய்தேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு பெரிய தட்டுகளோடு போய், இல்லத்துச் சமையலறை ஓவனில் சூடாக்கி, மேசையில் வைத்தேன். உடுப்பு மாற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது என் டிப்பின் நடுவில் ஒரு பல்லுக்குச்சி நின்றது. அதன் உச்சியில் சின்னதாக ஒரு பேப்பர்க் கொடி. வாளோடு சிங்கம். எங்கள் பொறுப்பாளர் அந்த வருடம் புதிதாக யோசித்து, வேலை செய்பவர்களின் நாடுகளுக்கெல்லாம் கொடி வரவழைத்திருக்கிறார். போர்த்துக்கல்காரியின் கேக்கில் போர்த்துக்கல், எரித்திரியாக்காரியின் ரொட்டியில் எரித்திரியா, என் அமெரிக்க இறாலில் சிங்கம். அந்தச் சிங்கத்துக்குப் பயந்துதான் நான் இந்த நாட்டுக்கே வந்தேன். ஒரு கட்டு உடுப்போடும் இரண்டு பிள்ளைகளோடும் கடல் தாண்டி வந்தால், அது எனக்கு முதல் வந்து சீஸுக்குள் கால் ஊன்றி நிற்கிறது.

பொறுப்பாளர் ஒரு கரண்டியால் கிளாசைத் தட்டி எல்லோரையும் பார்க்க வைத்தார். அவர் பெர்ன் ஜெர்மனில் சொன்னதை நான் எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"இந்த முறை எங்களுக்கு ரோல்ஸ் இல்லை. அதைவிடப் பெரிய சந்தோசம். ஸ்ரீலங்காவிலயிருந்து ஒரு புதுச் சாமான். கஜன் டிப்! என்ர மகன்ர வகுப்பிலயும் ஒரு கஜன் இருந்தவன். ஆக, உங்கட பாஷையில அதுக்கு என்ன அர்த்தம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் வாயில் வந்த உண்மை ஒன்றே ஒன்று. "யானை" என்றேன்.

ஒரு பெரிய ஆச்சரியச் சத்தம் எழும்பியது. யானை டிப்! எல்லோரும் பாணை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். நான் அவசரமாக, "இல்லை, இது அமெரிக்காவில செய்யுற சாமான், வீடியோவில பார்த்தனான்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்குச் சொன்னேன். இல்லத்து அம்மா ஒருவரின் மகன், ஸ்ரீலங்காவில் காலி கடற்கரைக்கு இரண்டு முறை விடுமுறை போய் வந்தவர், "அங்க ஹோட்டலில நாங்கள் இதையேதான் சாப்பிட்டனாங்கள்" என்று என் தோளில் தட்டினார். இன்னொருத்தி, "உங்கட மசாலாவை நாக்கு உடன கண்டுபிடிச்சிடும்" என்றாள். மசாலா அமெரிக்காவின் ஒஹையோவில் டப்பாவில் அடைத்தது என்று லேபிளில் இருந்தது. ஆனால் டப்பா வீட்டில் இருந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு சாட்சி வந்து சேர்ந்தார். இல்லத்தில் இருக்கும் ஒரு அம்மாவின் மருமகன். உயரமான அமெரிக்கர். பாணில் தொட்டு ஒரு கடி கடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு கடி. பிறகு நேரே என்னிடம் வந்து, எனக்கு விளங்க வேண்டும் என்று ஆங்கிலத்தை மெதுவாக உடைத்து உடைத்துச் சொன்னார்.

"நான் லூசியானாவில் பிறந்தவன். என்ர அம்மா செய்யுறது இதே மாதிரித்தான் இருக்கும். இதே ருசி!"

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. கடவுளே ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார். "ஓம், ஓம்! இது உங்கடதுதான். கேஜன். உங்கட ஊர்ச் சாப்பாடு. நான் பார்த்துச் செய்தது" என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து.

அவர் சிங்கக் கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது. ஏதோ நெடுநாள் குற்றம் பிடிபட்டது போலத் தலையைக் குனிந்தார்.

"எங்கடது எண்டு ஒண்டும் இல்லை" என்றார். "எல்லாம் மற்ற மக்களிட்ட எடுத்துப் பேரை மாத்தினதுதான். கஜன், கேஜன். நான் இதை ஒரு நாளும் யோசிக்கேல்லை. தயவுசெய்து இதை எங்களுக்கு விட்டுக் குடுக்காதேங்கோ. இது உங்கடது."

என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மன்னிப்புக் கேட்பது போலக் குலுக்கினார். நோகிற கை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். இரண்டு தட்டும் அரை மணித்தியாலத்தில் துடைத்தது போலக் காலியாகின. ரோல்ஸ் கொண்டுபோன பன்னிரண்டு வருடத்திலும் அப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

செப்டம்பரில் மச்சாளின் பேரப்பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். கோயில் மண்டபத்தில் நூறு பேர். எல்லோரும் ஒவ்வொன்று கொண்டுவருகிறார்கள் என்றவுடன், எங்கள் சனத்துக்கும் இதைக் காட்டலாம் என்று ஒரு தட்டு செய்து கொண்டுபோனேன். இந்த முறை கவனமாக, தட்டைக் கீழே வைக்கும்போதே, "இது அமெரிக்கச் சாமான்" என்று மச்சாளிடம் சொன்னேன். அவள் குனிந்து மணந்து பார்த்தாள்.

"சீஸ் மணக்குது. சுவிஸ் சாமான்தானே?"

"இல்லையடி, அமெரிக்கா. கேஜன்."

"கஜனோ? எந்தக் கஜன் செய்தது?"

வந்தவர்கள் வரிசையில் வரும்போது என் தட்டுக்கு முன்னால் ஒரு கணம் நின்று, ஒரு மரியாதைக்காகப் பார்த்துவிட்டு, வடைக்கும் பற்றிசுக்கும் நகர்ந்தார்கள். ஒரு அண்ணை அதைக் கறி என்று நினைத்துப் புரியாணிக்கு மேலே இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, தட்டை என்னிடம் காட்டி, "தங்கச்சி, வெள்ளைக்காரற்ற சாப்பாட்டில உப்பு உறைப்பு ஒண்டும் இராது எண்டு தெரியும். எண்டாலும் எங்கட பிள்ளையளுக்கு இதைப் பழக்காதேங்கோ" என்றார். மச்சாள் இரக்கப்பட்டு, வெட்டு மிளகாய்த் தூளும் தேசிக்காய்ப் புளியும் விட்டுக் கலக்கி, கடலை வடைக்குத் தொட வைத்தாள். அதன்பிறகு ஓடித் திரிந்து எல்லோரும் தொட்டுச் சாப்பிட்டார்கள். "சுவிஸ் சம்பல்" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஆக, சுவிஸ்காரர் அதைத் தமிழ்ச் சாப்பாடு என்றார்கள். தமிழர் அதைச் சுவிஸ் சாப்பாடு என்றார்கள். வீட்டுக்கு வரும் ட்ராமில் வெறும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு நானே சிரித்தேன். கணவர், "நான் சொன்னன், எங்கட தூள் போடச் சொல்லி" என்றார்.

ஒக்டோபரில் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். இல்லத்தின் மாதப் பத்திரிகையில் "எங்கள் உலகச் சமையலறை" என்று ஒரு பக்கம் தொடங்கப்போகிறார்கள். முதலாவதாக என்னுடைய ஸ்ரீலங்கா யானை டிப். செய்முறையும், சின்ன வயதில் எந்தப் பண்டிகைக்கு அதைச் செய்வீர்கள் என்று நான்கு வரியும் எழுதித் தர வேண்டும். வாயால் ஒரு பிழை போனது போகட்டும். அச்சில் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதுவும் பண்டிகையோடு. நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்: வீடியோ, மகள், K எழுத்து, தூள் போத்தலைத் தொடாதது.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "இதுக்கு நாங்கள் ஒரு கெஸ்ப்றேக் வைப்பம்" என்றார். ஜெர்மனில் கெஸ்ப்றேக் என்றால் பேச்சு. ஆனால் வேலையிடத்தில் அது வெறும் பேச்சல்ல. நாள் குறித்து, அறை பதிந்து, மேசையில் ஒரு போத்தல் தண்ணீரும் ஒரு பெட்டி டிஷ்யூவும் வைத்து நடக்கும் பேச்சு. குறித்த நாளில் போய் டிஷ்யூவைப் பார்த்தவுடன், நான் அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்று விளங்கியது.

"உங்கட கலாசாரத்தைக் கொண்டுவர ஏன் விருப்பமில்லாமல் போனது?" என்று மெதுவாகக் கேட்டார். "ஆராவது ஏதும் சொன்னவையோ?"

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. கை நோகுது."

"கை நோகுது." எழுதிக்கொண்டார். "அதுக்குப் பின்னால வேற ஏதும் இருக்கோ?"

"நரம்பு இருக்கு" என்றேன்.

அதையும் எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டு, "பன்னிரண்டு வருசமா உங்களிட்ட நாங்கள் கேட்காமலே எழுதி வைச்சிருக்கிறம்" என்றார். அவருடைய குரல் உண்மையாகவே உடைந்திருந்தது. நல்ல மனுசி. கடைசியில் டிஷ்யூவை எடுத்தது அவர்தான். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகப் போய்விட்டது. "பரவாயில்லை, எனக்கும் அது விருப்பம்தான்" என்று ஆறுதலுக்கு ஒரு சொல் சொன்னேன்.

அந்த ஒரு சொல்லால் நான் அகப்பட்டேன். அடுத்த கிழமையே முடிவு வந்தது: நவம்பரில் ஒரு சனிக்கிழமை இல்லத்தில் ஸ்ரீலங்காப் பின்னேரம். உண்மையான சாப்பாட்டோடு. ரோல்ஸ், நூற்றைம்பது. என் கைக்காக, எங்கள் மாடித் தாதி முதல் நாள் என் வீட்டுக்கு வந்து உதவி செய்வார். கொடி மட்டும் வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். இன்னொரு கெஸ்ப்றேக்குக்கு எனக்குத் தெம்பில்லை. "பூ வைச்சா வடிவாயிருக்கும்" என்றேன்.

தாதி எம்மென்டால் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். ஓய்வு பெற இரண்டு வருடம்தான் இருக்கிறது. பதின்மூன்று வருடம் ஒன்றாக வேலை செய்கிறோம். ஒரே கட்டிலின் இரண்டு பக்கமும் நின்று ஆட்களைத் தூக்கியிருக்கிறோம். என் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. பத்து மணிக்கு வருவேன் என்றார், பத்துக்கு மணி அடித்தார். கையில் ஒரு பூச்செடி. என் சமையலறையில் கால் வைத்தவுடன் கையைக் கழுவி, மோதிரத்தைக் கழற்றி, சத்திர சிகிச்சைக்குப் போவது போல நின்றார்.

நான் ஒன்று சுருட்டிக் காட்டினேன். அவர் இரண்டாவதைச் சுருட்டினார். நான் அசந்துபோனேன். நாற்பது வருடம் காயத்துக்குக் கட்டுப் போட்ட கை. இறுக்கமாக, ஓரம் மடிந்து, ஒன்றுபோல ஒன்று. முப்பது வருடம் ரோல்ஸ் சுருட்டும் நான் அப்படிச் சுருட்டியதில்லை. நான் தோசை வார்க்க, அவர் சுருட்டிக்கொண்டே போனார். கணவர் இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுக்கியிருந்ததைப் பார்த்து, "எங்கட ஹோட்டலில இவவுக்கு வேலை எடுக்கலாம்" என்று எனக்கு மட்டும் சொன்னார்.

எழுபதோ எண்பதோ முடிந்திருக்கும். தாதி கையை நிறுத்தாமல், "நீங்கள் பொறுப்பாளரிட்ட உண்மையைச் சொன்னது பெரிய காரியம்" என்றார்.

"டிப்புக்கோ?"

"டிப்புக்குத்தான். எனக்கு அந்தத் துணிவு வராது." ஒரு ரோல்ஸை ஓரம் மடித்து வைத்தார். "ஒரு விசயம் சொல்லட்டோ? ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது."

ஒரு சுவிஸ் ஆள் என்னிடம் அப்படித் தொடங்கியது, இந்த நாட்டில் நான் வாழ்ந்த இத்தனை வருடத்தில் அன்றுதான் முதல் முறை. அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினேன்.

தாதி நத்தாருக்கு இல்லத்துக்குக் கொண்டுவரும் பின்னல் பாண் பேர்போனது. சடை பின்னியது போல, மேலே முட்டை பூசிப் பளபளவென்று இருக்கும். அம்மம்மாவின் செய்முறை என்று எல்லோரும் சொல்லுவார்கள். இப்போதையவருக்கு முன்னைய பொறுப்பாளர் அதைப் படம் எடுத்துப் பத்திரிகையிலும் போட்டிருக்கிறார்.

"அதை நான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில ஒரு பேக்கரியில வாங்குறனான்" என்றார் தாதி. "வீட்டை கொண்டுபோய் ஓவனில சூடாக்கி, துணியில சுத்திக் கொண்டுவாறனான். பத்தொன்பது வருசமா. முதல் வருசம் நானே செய்தனான், கல்லு மாதிரி வந்திட்டுது. விடியத்தான் கண்டு, ஓடிப்போய் வாங்கினனான். எல்லாரும் நல்லாயிருக்கெண்டு சொன்னவை. பிறகு எப்படி நிப்பாட்டுறது?"

"அம்மம்மா?"

"அம்மம்மா கடிகாரத் தொழிற்சாலையில வேலை. அவ பாண் சுட்டு நான் ஒரு நாளும் காணேல்லை."

முதலில் சிரித்தது நானா அவரா என்று நினைவில்லை. மா பிடித்த கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் இருவரும் மேசையில் சாய்ந்து சிரித்தோம். கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, தமிழில் சொல்லு என்று என்னைக் கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். இங்கே எழுதுகிறேனே என்றால், தாதி தமிழ் வாசிக்க மாட்டார் என்ற நம்பிக்கைதான்.

சனிக்கிழமை ஸ்ரீலங்காப் பின்னேரம் நடந்தது. நான் சேலை உடுத்துப் போனேன், பொறுப்பாளர் கேட்டிருந்தார். பூ வடிவாகத்தான் இருந்தது. நூற்றைம்பது ரோல்ஸையும் தாதியும் நானும் பொன் நிறத்தில் பொரித்து அடுக்கி வைத்தோம். அப்போதுதான் யாரும் யோசிக்காத ஒன்று தெரியவந்தது. ஜூன் அப்பெரோவில் ரோல்ஸைச் சாப்பிட்டது எல்லாம் வருகிற பிள்ளைகளும் வேலை செய்பவர்களும். இந்தப் பின்னேரம் வயதானவர்களுக்கு மட்டும். றஸ்க் தூளில் பொரித்த மொறுமொறுப்பை அவர்களின் பல்செட் தாங்கவில்லை. ஒரு அம்மா ரோல்ஸை வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெளியே எடுத்து மரியாதையாகப் பேப்பர் துண்டில் மடித்து வைத்தார். இல்லத்துச் சமையல்காரர் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஜூனில் ஒரு கரண்டி நக்கிப் பார்த்தவர், தன் பாட்டில் இரண்டு தட்டு டிப் செய்து வைத்திருந்தார். மெத்தென்று, மெல்லத் தேவையில்லாமல். பக்கத்தில் பொறுப்பாளர் திருத்தி எழுதிய அட்டை: "அமெரிக்க டிப், ஸ்ரீலங்கா முறையில்." பிழையில்லாமல் எழுத வேண்டும் என்பதில் அவர் மிகவும் கவனமானவர்.

அட்டையில் உள்ள சின்ன எழுத்தை வாசிக்கக் கண் தெரியாத ஒருவர் எங்கள் மாடியில் இருந்தார். முந்தி ட்ராம் ஓட்டியவர். நினைவு கொஞ்சம் முன்னே பின்னே போய் வரும். காலையில் நான் சொக்ஸ் போட்டுவிடும்போதெல்லாம், "நீங்கள் எப்ப உங்கட நாட்டுக்குத் திரும்பிப் போறீங்கள்?" என்று கேட்பார். கெட்ட எண்ணத்தில் அல்ல. ட்ராம் எத்தனை மணிக்கு என்று கேட்பது போலத்தான். நான் ஒவ்வொரு நாளும், "அடுத்த கிழமை" என்பேன். அவர் திருப்தியாகத் தலையாட்டுவார். அடுத்த நாள் திரும்பவும் கேட்பார்.

அன்று அவருக்கு ஒரு கிண்ணத்தில் டிப்பும் மெல்லிய பாண் துண்டும் கொடுத்தேன். அவர் பாணை ஓரமாக வைத்துவிட்டு டிப்பை மட்டும் கரண்டியால் சாப்பிட்டார். சாப்பாட்டை ஊட்டிவிட வேண்டிய மனிதர் தானாக ஒரு கிண்ணம் முடித்துவிட்டு, இன்னொன்று கேட்டார். அதையும் முடித்தார்.

"இது எந்த ஊர்ச் சாப்பாடு?"

எனக்குக் களைத்துப்போயிருந்தது. ஐந்து மாதமாக ஒருவர்கூட நம்பாத பதிலை இன்னொரு முறை சொன்னேன். "அமெரிக்கா."

"அப்பிடியோ?" என் சேலையை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "அப்ப நீங்கள் அமெரிக்காக்காரியோ?"

சுற்றிப் பார்த்தேன். பொறுப்பாளர் தூரத்தில் பூவைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"ஓம்" என்றேன்.

"நல்லா ஜெர்மன் கதைக்கிறீங்கள்" என்றார் மரியாதையோடு. "உங்கட ஆக்கள் வழமையா எங்கட பாஷை படிக்கிற கஷ்டத்தை எடுக்க மாட்டினம்."

எத்தனையோ விசயங்களை மறக்கிற மனிதர், இதை மட்டும் மறக்கவில்லை. திங்கட்கிழமை காலை சொக்ஸோடு போனபோது கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த இரண்டு ஆங்கிலச் சொற்களால், "குட் மோர்னிங்" என்றார். எப்போது திரும்பிப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. செவ்வாயும் கேட்கவில்லை. அதன்பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் அவருடைய காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "குட் மோர்னிங், சேர்" என்பேன்.